போன் ஹேங் ஆனால் முதலில் எதையும் அழிக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். போன் ஹேங் ஆகிறது, ஆப் பாதியில் நிற்கிறது, திறந்தால் தானே மூடிக்கொள்கிறது. எல்லாமே நம் சேலத்தைச் சுற்றியும் ஏற்காடு மலையிலிருந்தும் வந்தவை. சிலர் வீட்டு விஷயங்களையும் சேர்த்து எழுதியிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மூன்று வருடம் ஆன போன், 64 ஜிபி. வாட்ஸ்அப்பைத் திறந்தால் வெள்ளைத் திரையோடு அப்படியே நிற்கிறது. பார்ட்டி அனுப்பும் டிசைன் போட்டோ திறக்க அரை நிமிடம் ஆகிறது. சில நேரம் 'ஆப் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா, மூடவா' என்று கேட்கிறது. கடையில் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?
*விசைத்தறி வைத்திருப்பவர், கொண்டலாம்பட்டி*

வேண்டாங்க. முதலில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்தைத் திறந்து எவ்வளவு காலி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் ஒன்றிரண்டு ஜிபிகூட மிச்சம் இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

இடம் நிரம்பினால் போன் ஏன் மெதுவாக வேண்டும், நிரம்பியது நிரம்பியபடி இருக்கட்டுமே என்று பலர் கேட்கிறார்கள். போனுக்குள் இருக்கும் சேமிப்புச் சில்லில் பழையதின் மேலேயே புதியதை எழுத முடியாது. பெரிய பட்டையாகத்தான் அழிக்க முடியும், அந்தப் பட்டையில் வேண்டியது ஏதாவது இருந்தால் அதை முதலில் வேறு காலி இடத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். காலி இடமே இல்லாதபோது ஒரு சின்ன மெசேஜைப் பதிவு செய்யக்கூட உள்ளுக்குள் பத்து சாமானை நகர்த்த வேண்டியிருக்கிறது. உங்கள் தறிக்கூடத்தில் பாவு, கோன், மடித்து வைத்த சேலை எல்லாவற்றையும் நடக்கிற வழியிலேயே அடுக்கிவிட்டால் தறி என்னவோ ஓடும், ஆனால் ஒரு நூல் அறுந்தால் கட்டுவதற்கு ஆள் அந்தப் பக்கம் போய்ச் சேர முடியாது, இல்லையா, அந்த நிலைமைதான். நீங்கள் தொட்டும் 5 விநாடி வரைக்கும் ஆப்பிடமிருந்து பதில் வரவில்லை என்றால்தான் ஆண்ட்ராய்டு அந்தக் கேள்வியைக் கேட்கும். அப்போது 'காத்திருக்கவும்' என்பதையே ஒருமுறை அழுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் வேலையை முடித்துவிட்டு அதுவே எழுந்து வரும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குள் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்ட் ஆனவை என்று அதுவே பிரித்துக் காட்டும். எந்தக் குரூப் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதும் பெரியதிலிருந்து சின்னதாக வரிசையில் இருக்கும். காலை வணக்கம் படமும் அரசியல் வீடியோவும் போனாலே பெரும்பாலும் பல ஜிபி காலியாகும், பார்ட்டி அனுப்பிய டிசைன்கள் பத்திரமாக இருக்கும். அங்கேயே 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்பதில் மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் உள்ள டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் படம் இறங்கும்.

இன்னொன்று, கேலரியில் அழித்த படம் உடனே போய்விடாது. குப்பைத் தொட்டி மாதிரி ஒரு இடத்தில் பல போன்களில் 30 நாள் உட்கார்ந்திருக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். அழித்தும் இடம் வரவில்லை என்று வருகிறவர்களில் நிறைய பேர் இந்த ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அண்ணா, ஒவ்வொரு ஆப்பும் பயன்படுத்தி முடித்ததும் ரீசண்ட்ஸில் போய் எல்லாவற்றையும் 'கிளியர் ஆல்' கொடுத்துவிடுவேன். ஒரு பூஸ்டர் ஆப்பும் வைத்திருக்கிறேன். ஆனாலும் போன் முன்பைவிட ஸ்லோவாகத்தான் இருக்கிறது. ரேம் எக்ஸ்டென்ஷனை 8 ஜிபி ஆக்கலாமா?
*கல்லூரி மாணவர், கருப்பூர்*

தம்பி, அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. வீட்டில் அம்மா தோசை சுடும்போது ஒவ்வொரு தோசைக்கும் கல்லை இறக்கி வைத்து, ஆறவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றினால் எப்படி இருக்கும்? நீ செய்வது அதுதான். ரேமில், அதாவது போன் அப்போதைக்கு வேலை பார்க்கும் நினைவகத்தில், தூங்குகிற நிலையில் இருக்கும் ஆப்பைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து சட்டென்று எழுந்து வரும். முழுதாக மூடிவிட்டால் அடுத்த முறை எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். நேரமும் பேட்டரியும் அங்கேதான் போகின்றன. ரேம் பற்றாக்குறை வந்தால் ரொம்ப நேரம் தொடாத ஆப்பை ஆண்ட்ராய்டே மூடிக்கொள்ளும். ஒரு ஆப் சிக்கி நிற்கிறது என்றால் அதை மட்டும் மூடு. அதற்கும் மசியவில்லை என்றால் அதன் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்'.

பூஸ்டர் ஆப்பை எடுத்துவிடு. அது மற்ற ஆப்களை மூடிக்கொண்டே இருக்கும், அவை மறுபடி எழுந்துகொண்டே இருக்கும், நடுவில் விளம்பரம் வேறு. ரேம் எக்ஸ்டென்ஷன் என்று 8 ஜிபி காட்டுகிறார்களே, அது உண்மையான ரேம் கிடையாது, சேமிப்பில் ஒரு துண்டை வெட்டி ரேம் மாதிரி பயன்படுத்துவது. உண்மை ரேமோடு ஒப்பிட்டால் சேமிப்பு பல மடங்கு மெதுவானது. ஏற்கெனவே நிரம்பிய போனில் அதைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும். குறைந்த அளவில் வை, அல்லது அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்.

என் வீட்டுக்காரர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவர் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. இப்போது அந்த ஆப் திறக்கும்போதே நின்று நின்று போகிறது. பக்கத்துக் கடைப் பையன் 'கிளியர் டேட்டா' கொடுத்தால் சரியாகும் என்றான். எனக்குப் பயமாக இருந்தது, வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். என்ன செய்வது?
*பட்டு நெசவு செய்பவர், அம்மாபேட்டை*

அம்மா, நீங்கள் போனை வாங்கி வந்தது ரொம்பச் சரி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

அந்தத் திரையில் இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பது ஆப் தன் வசதிக்காக எடுத்து வைத்திருக்கும் தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும், அதனால் உங்கள் மெசேஜ் எதுவும் போகாது. 'கிளியர் டேட்டா', சில போன்களில் 'கிளியர் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். அது ஆப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்த நாளுக்கே கொண்டு போய்விடும். பேக்கப் இல்லாமல் அதை அழுத்தினால் எல்லா உரையாடலும் போய்விடும். அதை நீங்களும் அழுத்த வேண்டாம், யாரையும் அழுத்த விடவும் வேண்டாம். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யவும் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்தக் குரல்களை இன்னொரு இடத்தில் வைப்பது. வீட்டில் பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கம்ப்யூட்டர் வைத்திருந்தால் போனைச் சார்ஜர் வயரால் இணைத்து, திரையில் கேட்கும்போது 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுக்கச் சொல்லுங்கள். போனுக்குள் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் com.whatsapp என்ற ஃபோல்டர், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மீடியா, அங்கே 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். உள்ளே வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் வாரத்துக்கு ஒன்றாகக் குட்டி ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொரு குரலும் தனித் தனி ஃபைல், பெயரிலேயே தேதி இருக்கும். பிரித்துப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த ஃபோல்டரை முழுசாக அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். நகல் எடுத்ததும் இரண்டு மூன்று ஃபைலை அங்கேயே ஓடவிட்டு அவர் குரல் கேட்கிறதா என்று காதால் கேட்டுப் பார்த்த பிறகுதான் வயரைக் கழற்ற வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லை என்றால், ஆப் கொஞ்ச நேரம் திறந்திருக்கும்போது அவர் மெசேஜை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, உங்கள் ஈமெயிலுக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பலாம். மெதுவாக நடக்கும் வேலைதான், தினம் பத்து என்று வைத்துக்கொண்டால்கூட ஆகிவிடும்.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்', அதில் 'சாட் பேக்கப்'. கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது என்று அங்கே போட்டிருக்கும். இன்றைய தேதி வரும்வரை விடாதீர்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில்தான் இந்தப் பேக்கப்பும் சேரும், அங்கே இடம் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். எல்லாம் முடிந்த பிறகு 'கிளியர் கேஷ்' கொடுங்கள், போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள், பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப்புக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே நிற்பது சரியாகிவிடும்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016-ல் ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் டேபிளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் போன் ஹேங் ஆகிறது என்று கொண்டு வந்தார். கூட்டம் அதிகம், நான் எதுவும் கேட்காமல் ஃபேக்டரி ரீசெட் போட்டுப் புதுப் போன் மாதிரி கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே கேலரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை திறந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளின் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன என்று அப்புறம்தான் சொன்னார், சத்தம்கூடப் போடவில்லை, கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து 'இதில் உங்களுக்கு வேண்டியது என்ன இருக்கிறது' என்று கேட்காமல் நான் ஒரு போனையும் தொட்டதில்லை. இப்போது வரும் போன்களில் உள்ளிருப்பது எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது. ஃபேக்டரி ரீசெட் அந்தப் பூட்டின் சாவியையே அழித்துவிடுகிறது, அதற்குப் பிறகு எந்தக் கடையில் கொடுத்தாலும் எடுக்க முடியாது.

சேலம் இறங்கினால் என் போன் பறக்கிறது, மேலே வந்தால் எல்லா ஆப்பும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிக்னல் மூன்று கோடு காட்டுகிறது. போன் பழுதா, ஆப் பழுதா? தங்க வருகிறவர்கள் யுபிஐயில் பணம் போடும்போது பாதியில் நின்று தினம் ஒரு தகராறு.
*தங்கும் விடுதி நடத்துபவர், நாகலூர், ஏற்காடு*

இரண்டும் பழுது இல்லை. கோடு காட்டுவது டவரின் சத்தம் உங்கள் போனுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான், டேட்டா போய் வருகிறதா என்பது வேறு கதை. மலை மடிப்புக்கு அந்தப் பக்கம் டவர் இருந்தால் போன் 5ஜியைப் பிடிக்கும், விடும், 4ஜிக்கு வரும், மறுபடி 5ஜியைத் தேடும். ஒவ்வொரு தாவலிலும் சில விநாடி டேட்டா அறுந்து போகும், ஆப் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், நமக்கு ஹேங் ஆன மாதிரி தெரியும். பேட்டரியும் இந்தத் தேடலிலேயே கரைந்துவிடும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்' என்பதை 4ஜி என்று மாற்றி வைத்து இரண்டு நாள் பாருங்கள். மேலே இருக்கும்வரை அப்படியே இருக்கட்டும், சேலம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். கூகுள் போட்டோஸ் பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். நூல் மாதிரி விழும் தண்ணீரில் குடம் வைத்ததுபோல் கிடைக்கிற கொஞ்ச டேட்டாவையும் அது பின்னால் உறிஞ்சிக்கொண்டிருக்கும். விடுதியில் பிராட்பேண்ட் இருந்தால் 'வைஃபை காலிங்' ஆன் செய்யுங்கள், பேச டவரே வேண்டாம்.

போனின் தேதியும் நேரமும் 'ஆட்டோமேட்டிக்' என்பதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தேதி தப்பாக இருந்தால் வங்கி ஆப், பிரவுசர் எல்லாம் சர்வரை நம்ப மறுத்து நின்றுவிடும், நெட்வொர்க்தான் மோசம் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம்.

யுபிஐ விஷயத்தில் ஒன்று முக்கியம். 'பெண்டிங்' என்று நின்றால் மறுபடி போடச் சொல்லாதீர்கள். ஆப்பை மூடித் திறந்து ஹிஸ்டரியில் அந்த வரி என்ன சொல்கிறது என்று இரண்டு பேருமே பாருங்கள். அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமல் போனால் அதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்திருக்கிறது. தனி ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடைக்குப் போட்டது என்றால் 5 நாளுக்குள் பணம் தானே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை விருந்தாளியிடம் நிதானமாகச் சொன்னால் பாதித் தகராறு அடங்கிவிடும். டேட்டாவே இல்லாத நேரத்தில், வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# அழைத்தும் பணம் அனுப்பலாம், மெனுவைப் படித்து எண் அழுத்த வேண்டும், கொஞ்சம் பழைய பாணி.

கீழே இருந்து வருகிறவர்களுக்கு முன்பதிவு மெசேஜோடு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்னால், சேலத்திலேயே கூகுள் மேப்பில் ஏற்காடு பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி. நடு வழியில் மேப் உறைந்து போய் எஸ்டேட் ரோட்டில் திரும்புகிறவர்கள் குறைவார்கள்.

மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. ஒரு வங்கி ஆப்பும் ஒரு ஷாப்பிங் ஆப்பும் மட்டும் திறந்ததும் மூடிக்கொள்கின்றன. 'கீப்ஸ் ஸ்டாப்பிங்' என்று வருகிறது.
*ஆத்தூர் வாசகர்*

சம்பந்தமே இல்லாத இரண்டு ஆப்கள் ஒரே மாதிரி விழுந்தால், இரண்டுக்கும் பொதுவாக அடியில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'சிஸ்டம் வெப்வியூ' என்று ஒன்று உண்டு. ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டுவதற்கு எத்தனையோ ஆப்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்பட ஏராளமான ஆப்கள் ஒரே நாளில் மூடிக்கொள்ள ஆரம்பித்தன. அந்த ஆப்களை எத்தனை முறை அழித்து மறுபடி போட்டாலும் சரியாகவில்லை, ஏனென்றால் கோளாறு அவற்றில் இல்லை. கூகுள் புது அப்டேட் விட்ட பிறகு வெப்வியூவையும் குரோமையும் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்தவர்களுக்கு நின்றது.

நீங்களும் அந்த வரிசையில் போங்கள். போனை அணைத்து ஆன் செய்யுங்கள், வெப்வியூ, குரோம், அந்த இரண்டு ஆப் நான்குக்கும் அப்டேட் பாருங்கள், அப்புறம் 'கிளியர் கேஷ்'. வங்கி ஆப்பில் 'கிளியர் டேட்டா' கொடுப்பதில் பெரிய நஷ்டம் இல்லை, பணம் வங்கியில்தான் இருக்கிறது, ஆனால் மறுபடி சிம் சரிபார்ப்பு, பின் எல்லாம் போட வேண்டும். அதனால் சிக்னலும் டெபிட் கார்டும் கையில் இருக்கும்போது செய்யுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு ஆப் தொந்தரவு கொடுக்கிறதா என்று 'சேஃப் மோட்' போட்டால் தெரியும். பவர் பட்டனை அழுத்தி, 'பவர் ஆஃப்' வந்ததும் அதன் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் கேட்கும். அந்த நிலையில் நீங்கள் இன்ஸ்டால் செய்த எதுவும் ஓடாது. அங்கே போன் மிருதுவாக ஓடினால், கடைசியாகப் போட்ட ஆப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். வெளியே வர ரீஸ்டார்ட் போதும்.

கொலுசுப் பட்டறையில் வேலை. மத்தியானம் போட்டோ எடுக்க கேமராவைத் திறந்தால் சூடு அதிகம் என்று சொல்லி மூடிக்கொள்கிறது. காலையில் இப்படி இல்லை.
*செவ்வாய்ப்பேட்டை வாசகர்*

காலையில் இல்லை என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும், பட்டறையில் வெள்ளி உருக்கும் அடுப்புப் பக்கம் அதற்கும் மேல். ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுவெப்பமே 35 டிகிரி வரைதான், மற்றவையும் இதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் எல்லா ஆப்பும் இழுக்கும். இன்னும் ஏறினால் ஃபிளாஷ், கேமரா, சார்ஜ் ஒவ்வொன்றாக நிறுத்தும். அது பேட்டரியைக் காப்பாற்றுகிற வேலை, பழுது இல்லை.

போனை அடுப்புப் பக்கத்திலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் எடுத்து நிழலில், காற்று வரும் பக்கம் வையுங்கள். உறையைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே படம் எடுக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவு செய்து வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி கோர்த்துக்கொள்ளும், அதுதான் போர்டைக் கெடுக்கும். ஃபேன் காற்றில் பத்து நிமிடம் போதும்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு ஓமலூர் போய் வருகிறவர்கள் நிறைய. வெயில் ஒரு பக்கம், அதிர்வு இன்னொரு பக்கம். பைக் என்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவின் லென்ஸ் அசைவைச் சமாளிக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது.

என் பழைய ஐபோன் ரொம்ப மந்தமாகிவிட்டது. வேண்டுமென்றே கம்பெனிக்காரர்கள் மெதுவாக்குகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?
*மேட்டூர் வாசகி*

பேட்டரி தேய்ந்த போன்களில் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைக் கொடுக்க முடியாமல் போன் பட்டென்று அணைந்துவிடுவதைத் தடுக்கத்தான் என்றது. முன்கூட்டியே சொல்லாமல் செய்தது தப்பு என்பதே என் கருத்து. அதன் பிறகுதான் 'பேட்டரி ஹெல்த்' பக்கமே வந்தது. செட்டிங்ஸில் அதைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுப் போன் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பேட்டரியை மாற்றுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ஒரு மெசேஜ் வந்தாலே போன் கிராஷ் ஆகும் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா? கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது, திறந்ததிலிருந்து போன் வேறு இழுக்கிறது.
*ஓமலூர் வாசகர்*

முதல் கேள்விக்குப் பதில், நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்து ஒன்று திரையில் வந்தாலே ஐபோனில் மெசேஜ் ஆப்கள் மூடிக்கொண்டன, ஆப்பிள் சில நாளில் அப்டேட் விட்டுச் சரி செய்தது. 2020-ல் அழகான ஒரு ஏரிப் படத்தை வால்பேப்பராக வைத்த சில ஆண்ட்ராய்டு 10 போன்கள் ஓயாமல் கிராஷ் ஆயின. அந்தப் படத்தில் நிறம் பதிவான விதத்தை ஆண்ட்ராய்டால் கையாள முடியவில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

ஆனால் உங்கள் இரண்டாவது விஷயம் அப்படிப்பட்டது இல்லை, உடனே கவனியுங்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்று முடியும் ஃபைல் என்றால் அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். இன்ஸ்டால் செய்தால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைத் திருடும் வேலைக்காக அனுப்பப்படுவது. முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிடுங்கள். இன்னொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகு சேஃப் மோடில் போய், 'அக்சசிபிலிட்டி'யிலும் 'டிவைஸ் அட்மின்' பட்டியலிலும் தெரியாத பெயர் இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டு, அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். படங்களை மட்டும் நகல் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் போட வேண்டிய அபூர்வமான இடம் இதுதான். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் அவருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்கள், அவர் போனும் மாட்டியிருக்கலாம், அவருக்கே தெரியாமல் அது எல்லாருக்கும் போய்க்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். 2 ஜிபி ரேம் போன், ஆறு வருடமாக இருக்கிறது. பிள்ளைகள் புதிது வாங்கச் சொல்கிறார்கள். பேச, வாட்ஸ்அப், செய்தி, இவ்வளவுதான் என் தேவை.
*சங்ககிரி வாசகர்*

ஐயா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஃபேஸ்புக் இருந்தால் அதை எடுத்துவிட்டு லைட் பதிப்பைப் போடுங்கள். செய்திக்குத் தனித் தனி ஆப் வேண்டாம், குரோமிலேயே படியுங்கள், நோட்டிஃபிகேஷனும் குறையும். ஆறு மாதமாகத் தொடாத ஆப்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் அழைப்பு வரும்போது அதை எடுக்கக்கூடத் திரை வரவில்லை என்றாலோ, வங்கி ஆப் உங்கள் ஆண்ட்ராய்டு பழையது என்று சொல்லி நின்றுவிட்டாலோ அப்போது மாற்றுங்கள். மாற்றும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்காமல், ரேம் 6 ஜிபியாவது, சேமிப்பு 128 ஜிபியாவது, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் தருகிறார்கள் என்பதைக் கேட்டு வாங்குங்கள். புதுப் போனில் எல்லாம் வந்து சேர்ந்ததை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம்.

போனை எத்தனை நாளுக்கு ஒருமுறை அணைத்து ஆன் செய்ய வேண்டும்?
*வாழப்பாடி வாசகி*

வாரம் ஒருமுறை போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது.